பதினொன்றாம் பக்கத்துத் தொழிலதிபர்

இல்ஃபோர்ட், லண்டன்,
06.07.2009

கனம் பத்திராதிபர் சண்முகராசா அவர்கட்கு,

மடு மாதாவின் காவலில் தாங்களும் தங்கள் குடும்பமும் பத்திரிகை அலுவலகத்தாரும் சுகமாயிருக்க மன்றாடி எழுதுவது. நானும் சுகமாக இருக்கிறேன். இந்த வரியை எல்லாரும் மரியாதைக்கு எழுதுவார்கள். நானோ சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியம் செய்து எழுதவேண்டிய நிலைமையில் இருக்கிறேன். ஏனென்றால் போன மாதம் பத்தொன்பதாம் திகதி வந்த உங்கள் பத்திரிகையில், பதினொன்றாம் பக்கத்தில், வலப்பக்கக் கீழ்மூலையில், கறுப்புக் கட்டத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது என்னுடைய முகம்.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் விட்ட பிழைகளைப் போல என் பிழைகள் ஒருவரையும் சாகடிக்கவில்லை. நீங்கள் விட்டவை மூன்று. முதலாவது, படம் என்னுடையது, பெயர் என் தங்கை மரியமலருடையது. தொண்ணூற்றி நான்காம் ஆண்டு மடுத் திருவிழாவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று எடுத்த படத்தை உங்கள் ஆட்கள் இரண்டாக வெட்டி, பிழையான பாதியைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது, மரண அறிவித்தலைக் கொடுத்த எங்கள் தம்பி பஸ்தியாம்பிள்ளை தன் பெயரை முதலில் போட்டு, அதற்குப் பின்னால் ‘தொழிலதிபர், டெலவெயர், அமெரிக்கா’ என்றும் போட்டிருக்கிறான். எழுபத்துநாலு வயதில் மூத்தவள் நான் உயிரோடு இருக்க, கடைக்குட்டி முதலாவது. அதிலும் தொழிலதிபர். மூன்றாவது பிழைதான் பெரியது. மரியமலர் மே மாதம் வன்னியில் ‘காலமானார்’ என்று போட்டிருக்கிறீர்கள். யார் கண்டது? உடலைக் கண்டவர் உண்டா? குழியைக் கண்டவர் உண்டா? என் தங்கை காணாமற் போயிருக்கிறாள். காணாமற் போனவளுக்குக் கறுப்புக் கட்டம் போடுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? ஆகவே இம்மூன்றையும் திருத்தி, அதே பக்கத்தில், அதே மூலையில், அதே அளவில் மறுப்புப் போடவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலாம் பிழையால் நான் பட்டதைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றும் தெரியாமல் மீன்கடைக்குப் போனேன். மீன் வெட்டுகிற கொட்வின் எங்கள் மன்னார்ப் பெடியன்தான். கத்தியைத் தூக்கினவன் தூக்கினபடியே நிற்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில் உங்கள் பதினொன்றாம் பக்கத்தை வெட்டி ஒட்டியிருக்கிறான். “அன்ரி... நீங்களோ?” என்றான். “இல்லை, என்ர ஆவி. விளைமீன் இருக்கோ?” என்றேன். பாவி, ஆவி என்றதை நம்பிச் சிலுவை போட்டான். பதின்மூன்று வருஷமாக எனக்கு வயிறு வெடித்த மீனைத் தலையில் கட்டினவன், செத்த பிறகுதான் நல்ல மீன் தந்தான் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் ஆறு பேர், இடியப்பப் பெட்டியோடும் சொதியோடும், செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று. கதவை நானே திறந்தேன். ஒருத்தி மயங்கி விழுந்தாள். மற்றவள் சொதியை விழவிட்டாள். தலைவியின் கையில் ஒரு தாள். என்ன என்று கேட்டேன், ஒளித்தாள், பறித்தேன். என்னைப் பற்றிக் கோயிலில் வாசிக்க எழுதினதாம். ‘சற்றுக் கோபக்காரி என்றாலும்’ என்று தொடங்குகிறது. அந்த ‘என்றாலும்’ எனக்குப் போதும், அதற்கு மேல் வாசிக்கவில்லை. பாரிசிலிருந்து எங்கள் மாமியின் மகள், பதினாலு வருஷம் பேசாமல் இருந்தவள், ரெலிபோனில் என் மகள் றஜீனாவிடம் “ஐயோ என்ர டொலறஸ் மச்சாள்” என்று குளறினாள். ரிசீவரை நான் வாங்கி “சொல்லு” என்றேன். அழுகை அந்த இடத்திலேயே நின்றது. வைத்துவிட்டாள். உயிரோடிருப்பவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட மிச்சம் வைக்கவில்லை. இவ்வளவும் ஒரு கத்தரிக்கோல் பிழையால்.

இனி இரண்டாவது. தொழிலதிபர். நீங்கள் பத்திரிகைக்காரர், ஒரு சொல்லைப் போடமுன் விசாரிக்கவேண்டாமா? நான் விசாரித்தேன். என் பேத்தி பியற்றிஸ் பொருளாதாரம் படித்தவள். கனறி வோர்வில் வங்கியொன்றில் வேலையாயிருந்து, போன ஒக்ரோபரில் வேலை போய், தன் பூஞ்சாடியைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள். அவளுக்கு நேரம் இருக்கிறது. கொம்பியூற்றரில் தேடி வாசித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். டெலவெயர் என்பது மூன்றே மூன்று மாவட்டம். அமெரிக்காவில் அதைவிடச் சின்ன மாநிலம் ஒன்றுதான் இருக்கிறதாம். அந்த மூன்று மாவட்டத்துத் தொழில்களையும் ஒன்றொன்றாகச் சொல்கிறேன், எந்தத் தொழிலுக்கு என் தம்பி அதிபர் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அவன் அங்கே போய் இறங்கினது வாழைப்பழக் கப்பலில். கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலை. அந்த மாநிலத்துத் துறைமுகத்துக்கு வாழைப்பழம் கப்பல் கப்பலாக வந்து இறங்குமாம், எண்பத்தி நான்காம் ஆண்டு பழத்தோடு பழமாக இவனும் இறங்கினான். எண்பத்தியாறில் அம்மா செத்தபோது வரவில்லை, தந்தி மட்டும் வந்தது. தந்தியில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. அதையும் நான் மறக்கவில்லை. பிறகு தெற்கே ஒரு நைலோன் தொழிற்சாலையில் நின்றான். அந்த ஊர் தன்னை உலகத்துக்கே நைலோன் தலைநகரம் என்று பலகை போட்டு வைத்திருந்ததாம். நைலோன் என்றால் எனக்கும் அவனுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எழுபத்தியோராம் ஆண்டு முதற்கப்பலால் வந்தபோது மரியமலருக்கு வான நீலத்தில் ஒரு நைலோன் சேலை கொண்டுவந்தான். எனக்கு ஒரு சவுக்காரம். சவுக்காரம் ஒரு மாதத்தில் கரைந்தது. சேலை கரையவில்லை. மடுத் திருவிழாப் படத்தில் அவள் உடுத்தியிருப்பது அதைத்தான், இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும் கரை மங்கவில்லை. அந்த நைலோனைக் கண்டுபிடித்த கொம்பனி, அதே மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் முதலில் வெடிமருந்து அரைத்த கொம்பனியாம். வெடிமருந்தில் தொடங்கிச் சேலைக்கு வந்த தேசம் அது. எங்களுடையது சேலையில் தொடங்கி வெடிமருந்துக்குப் போனது. இதை நான் சொன்னபோது பியற்றிஸ் கொம்பியூற்றரை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

நைலோனை விற்றுவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தது கார். வடக்கே கார் பூட்டும் தொழிற்சாலை, இவன் கதவுக்குப் பிடி பூட்டினான். நாளெல்லாம் பிடி. “அக்கா, அமெரிக்காவில ஓடுற கார் கனக்க என்ர கையாலதான் திறக்குது” என்று மலருக்கு எழுதுவான், மலர் எனக்கு எழுதுவாள். போன நத்தாருக்கு முன்னால் அதையும் பூட்டினார்கள். இன்னொரு கார்த் தொழிற்சாலையை இந்த மாதக் கடைசியில் பூட்டுகிறார்களாம். நடுவில் கடனட்டை வங்கி. வட்டி எவ்வளவும் வாங்கலாம் என்று அந்த மாநிலம் ஒரு சட்டம் போட, வங்கிகளெல்லாம் அங்கே ஓடிப்போய்க் கண்ணாடியில் கட்டிடம் கட்டினவையாம். அதில் ஒன்றில் இவன் நிலம் துடைத்தான். கடையில் வாங்கும் சாமானுக்கு அங்கே வரி கிடையாது என்றும் பத்துத் தரம் எழுதினான். வரியில்லாத ஊரிலிருந்து ஒரு கைலேஞ்சிகூட எனக்கு வாங்கி அனுப்பவில்லை.

எல்லாம் பூட்டினபிறகும் பூட்டாத தொழில் ஒன்றுதான், கோழி. அங்கே ஓர் ஆளுக்கு இருநூறு கோழிக்கு மேல் வருஷத்தில் வளருமாம். அது தொடங்கின கதையைத் தம்பி எல்லாருக்கும் சொல்வான். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷி ஐம்பது குஞ்சு கேட்டு எழுத, கடைக்காரன் பிழையாக ஐநூறு அனுப்பிவிட்டானாம். அவள் திருப்பி அனுப்பாமல் வளர்த்து, விற்று, அடுத்த முறை ஆயிரம் எடுக்க, மாநிலமே கோழி மாநிலம் ஆகிவிட்டதாம். ஐயா, பிழையை வளர்க்கிறது கோழிக்குச் சரி. பத்திரிகைக்குச் சரிவராது. என் தம்பி அந்தக் கோழித் தொழிலில் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். கோழி பிடிக்கிறான். அறுபத்தொரு வயதில், ஒரு கொட்டிலுக்குள் குனிந்து போய், இடக்கையில் ஏழு, வலக்கையில் ஏழு, காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டுக்குள் தள்ளுகிற வேலை. தூசியில் நெஞ்சு அடைத்துக் கதைக்கும்போது அவனே கோழி மாதிரிக் கேருகிறான். இவரா தொழிலதிபர்?

“எனக்குச் சொந்தமாய் கொம்பனி இருக்குத்தானே” என்பான். இருக்கிறது. அதுவும் சொல்கிறேன். அந்த மாநிலத்தின் ஆகப் பெரிய தொழில் வாழைப்பழமும் இல்லை, நைலோனும் இல்லை, கோழியும் இல்லை. கொம்பனி பதிகிறதுதான். உலகத்தில் யாரும் எங்கிருந்தும் ஒரு கொம்பனியை அங்கே பதியலாம். ஆளும் வேண்டாம், அறையும் வேண்டாம். தங்க முத்திரை ஒட்டின ஒரு தாள் வரும். இரண்டாயிரத்தேழில், காருக்குப் பிடி பூட்டிக்கொண்டிருக்கும்போதே, வார இறுதிக் கோழி வேலைக்கென்று என் தம்பியும் ஒன்று பதிந்தான். பெயர் ‘மரியமலர் போல்ற்றி’. தங்கையின் பெயரில் கோழிக் கொம்பனி. மூத்தவள் பெயரில் ஒரு முட்டைகூடப் பதியவில்லை. ஒரு வான், நாலு கோழி பிடிக்கிறவர்கள், அவ்வளவுதான் கொம்பனி. ஆனால் அவன் அதைப் பதிந்தது கோழிக்கு இல்லை. மலருக்கு அந்தக் கொம்பனியில் வேலை என்று ஒரு கடிதம் அடித்து, முத்திரைத் தாளையும் சேர்த்து, மலர் இருந்த எங்கள் ஊர் விடத்தல்தீவுக்கு அனுப்பினான். அதைக் கொண்டு கொழும்புக்குப் போ, விசாவுக்குக் கேள் என்று.

சம்பந்தம் பேசினாலும் காணி வாங்கினாலும் ஆள் விட்டு விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒன்றும் செய்வதில்லை. நியூ ஜேர்சியில் இருக்கிற அருள்நேசன் எங்களுக்கு மருமகன் முறை. தம்பி பெருமைக்கு எனக்கும் அனுப்பின பிரதியில் இருந்த முகவரியைக் கொடுத்து, கொம்பனியை நேரில் பார்த்துவரச் சொன்னேன். இரண்டரை மணித்தியாலம் கார் ஓடிப் போய் அங்கே நின்றுகொண்டு ரெலிபோன் எடுத்தான்.

“மாமி, இது ஒரு தட்டுக் கட்டிடம். மாடி கூட இல்லை.”

“எத்தினை கோழி நிக்குது?”

“கோழி ஒண்டும் இல்லை. கேட்டன். இந்த முகவரியில ரெண்டு லட்சத்துக்கு மேல கொம்பனி பதிஞ்சிருக்காம். உலகத்தில பெரிய பெரிய கொம்பனியும் இதுக்குள்ளதானாம்.”

“எங்கட கொம்பனி எந்த அறை?”

“அறை இல்லை மாமி. கடதாசி வைக்கிற மேசை லாச்சி மாதிரி ஒண்டு. அதுவும் இருக்கோ தெரியாது.”

எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு, ஐயா, கதிரையில் இருக்க ஏலாமல் போய்விட்டது. இரண்டு லட்சம் கொம்பனி ஒரு வீட்டுக்குள். மன்னார் மாவட்டம் முழுவதையும் ஒரு குசினிக்குள் குடியிருத்தின மாதிரி. றஜீனாவுக்குச் சொன்னேன், பியற்றிசுக்குச் சொன்னேன், செபமாலைக் கூட்டத்துக்குச் சொன்னேன், மீன்கடையில் சொன்னேன். என் தம்பியைத் தொழிலதிபர் என்று முதன்முதலில் சொன்னதும் நான்தான். நக்கலுக்கு.

இப்போது அவன் அதையே கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவிட்டான்.

உங்கள் பத்திரிகை வந்த அன்றே அவனுக்கு எடுத்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனோடு பேசின பேச்சு அது.

“ஆரடா உனக்குச் சொன்னது அவள் செத்திட்டாள் எண்டு?”

“அக்கா, முகாமில இருந்து ஒரு பிள்ளை எடுத்தது. கூட இருந்த பிள்ளை. அது சொல்லுது...”

“எந்தப் பிள்ளை? ஆற்றை பிள்ளை? கண்ட நிண்டதுகள் சொன்னா நீ போடுவியோ?”

“அக்கா, கேளுங்கோவன். அந்தப் பிள்ளையிட்ட ஒரு...”

வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தான். இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். றஜீனா விமான நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டுக்கு எடுத்தால் ஏன் விழவில்லை என்று சண்டை பிடித்தாள். அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ஏப்ரல் மாதம் தொடக்கம் நானும் போரை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் புல்லில் போய் இருந்தவள்தான். மலரின் பெயரை மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு பொலிஸ்காரப் பெடியன் வந்து, “அம்மா, பாதையை விட்டுத் தள்ளி இருங்கோ” என்று கையால் காட்டினான். “உன்ர பாதை ஓடாட்டில் என்ன, அங்க ஒரு பாதையும் இல்லை” என்று தமிழிலேயே சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். ஏப்ரல் பதின்மூன்றில் யாரோ ஒருவரின் ரெலிபோனில் மலர் இரண்டு நிமிஷம் பேசினாள். விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து எழும்பி அது ஏழாவது இடம். மாத்தளன். “அக்கா, தையல் மெசினை விசுவமடுவில விட்டிட்டன்” என்றாள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவள், புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்த மெசின்தான் எல்லாம். “ஏன் விட்டனி?” என்று ஏசினேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் மெசினுக்காக ஏசிப் போயிற்று.

ஐயா, நீங்கள் யார், நான் யார். ஆனாலும் மூன்றாவது பிழையை ஏன் திருத்தச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த முத்திரைத் தாள் கிடைத்தபோது, இரண்டாயிரத்தேழு மார்கழியில், மலர் மன்னார் ரவுணுக்கு வந்து எனக்குக் கோல் எடுத்தாள். முதலில் தம்பிக்குத்தான் எடுத்துக் கதைத்தாளாம். பிறகுதான் எனக்கு. “அக்கா, தம்பி அனுப்பின கடதாசி உண்மையோ? நான் கொழும்புக்குப் போகட்டோ?” என்றாள். அருள்நேசன் போய்ப் பார்த்துவந்த சூடு எனக்கு ஆறவில்லை. “அது லாச்சிக் கொம்பனி. அவன் உன்னைக் கோழி உரிக்கக் கூப்பிடுறான். நீ நில்லு. நான் உன்னை லண்டனுக்கு எடுக்கிறன்” என்றேன். “சரி அக்கா” என்றாள். அவள் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே சரி அக்கா.

லண்டனுக்கு எடுக்கிற படிவம் றஜீனா கொண்டுவந்து தந்தாள். பெயர், பிறந்த திகதி எல்லாம் நிரப்பினேன். கையெழுத்து மட்டும் பாக்கி. தம்பிக்கு முதலில் எடுத்துவிட்டு எனக்குப் பிறகு எடுத்தவள்தானே, கொஞ்சம் இருக்கட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். தைப்பொங்கல் வந்தது, தவக்காலம் வந்தது, ஆடியில் ஆமி வர விடத்தல்தீவுச் சனம் முழுக்க எழும்பினது. பிறகு வெளியே வரப் பாதை இல்லை. அமெரிக்கக்காரன் விசா கொடுத்திருக்க மாட்டான் என்று பியற்றிஸ் சொல்கிறாள். அறுபத்தாறு வயதில் யார் கோழிக்கு விசா கொடுப்பான் என்கிறாள். அது சரியாக இருக்கலாம். ஆனால் கேட்கிறதற்குக் கொழும்புக்குப் போயிருப்பாள். ஒரு லாட்ஜில் இருந்திருப்பாள். வன்னிக்குள் இருந்திருக்க மாட்டாள். படிவம் இப்போதும் அந்த லாச்சிக்குள்தான் இருக்கிறது. தம்பியின் கொம்பனியும் ஒரு லாச்சி, என் லண்டனும் ஒரு லாச்சி. அவன் தாளையாவது அனுப்பினான்.

ஆகையால் அவள் சாகவில்லை. அவள் காணாமற் போயிருக்கிறாள். செட்டிகுளம் முகாமில் மூன்று லட்சம் பேர் கம்பிக்குள் இருக்கிறார்களாம், அவர்களுக்குள் ஒருத்தி பெயர் பதியாமல் இருக்கலாம்தானே. மலர் பதிய மாட்டாள். வரிசை என்றால் பின்னால் போய் நிற்பாள். இரண்டு லட்சம் கொம்பனியை ஒரு வீட்டுக்குள் தேடிப் பிடிக்க ஏலுமென்றால் மூன்று லட்சம் பேருக்குள் ஒரு தையல் ரீச்சரைத் தேடிப் பிடிக்க ஏலாதா? அதுவரை நீங்கள் மறுப்புப் போடவேண்டும். ‘பதினொன்றாம் பக்கத்தில் வந்த மரியமலரின் மரண அறிவித்தல் பிழையானது. படத்தில் இருப்பவர் அவரல்லர். அறிவித்தல் கொடுத்தவர் தொழிலதிபரும் அல்லர். மூத்த சகோதரி டொலறஸ்’ என்று போடவும். ‘மூத்த’ என்பதைத் தடித்த எழுத்தில் போடவும்.

தங்களுக்கும் தங்கள் மனைவி மக்களுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும், கத்தரிக்கோல் பிடிப்பவருக்கு நல்ல கண்பார்வையும் தந்தருள்வாராக. உங்கள் பத்திரிகையில் மற்றப் பக்கங்களை நான் வாசிப்பதில்லை, ஆகவே அவற்றைப் பற்றி எனக்குக் குறையில்லை.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
திருமதி டொலறஸ் மனுவேற்பிள்ளை

பி.கு. 09.07.2009

ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழிக்கக் கை வரவில்லை. ஆனால் அச்சில் போட வேண்டாம்.

நேற்று ரெலிபோன் இணைப்பை றஜீனா திரும்பச் சுவரில் செருகினாள். செருகின கொஞ்ச நேரத்துக்குள் அடித்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு மருந்துக்கென்று முகாமிலிருந்து கொண்டுவந்த ஒரு பிள்ளை, பெயர் நாகேஸ்வரி. தம்பிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

“அம்மா, நீங்களோ மலர் ரீச்சற்ர அக்கா?”

“ஓம்.”

“நான் ரீச்சரோட ஒரே பங்கருக்குள்ள இருந்தனான். மே பதினைஞ்சு, முள்ளிவாய்க்கால். என்ர கையாலதான் மண் போட்டு மூடினனான். அம்மா, அவவுக்கு நோகேல்லை. உடன சரி.”

அவளே சொன்னாள்.

“ரீச்சற்ர சட்டைக்குள்ள ஒரு சொப்பிங் பை இருந்தது. அதுக்குள்ள ஒரு கடதாசி. தங்க முத்திரை ஒட்டினது. அதில அவவின்ர பேர் இங்கிலிசில பெரிசாய் கிடந்தது. எட்டு இடமும் அதைக் கொண்டு திரிஞ்சவ. மழைக்குப் பைக்குள்ள பையாய்ப் போட்டு வைச்சிருந்தவ. பின்னுக்குத் தம்பிற்ர நம்பர் இருந்தது. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டு வந்தனான். என்ர தம்பி அமெரிக்காவில பெரிய தொழிலதிபர், கொம்பனிக்கு என்ர பேர்தான் வைச்சிருக்கிறான் எண்டு எங்களுக்கெல்லாம் காட்டுவா. அப்ப ஏன் ரீச்சர் போகேல்லை எண்டு நாங்கள் கேக்கிறது.”

“என்ன சொன்னவ?”

“அக்கா நிக்கச் சொன்னவ, அக்கா எடுப்பா எண்டுதான் சொன்னவ. கடைசி மட்டும் அதைத்தான் சொன்னவ, அம்மா.”

பிறகு பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

தம்பிக்கு நான் எடுத்தேன். அவன் நெஞ்சு கேருவது கேட்டது, அவ்வளவுதான். அவன் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ஆகவே பத்திராதிபர் ஐயா, மறுப்பு வேண்டாம். அறிவித்தலைத் திரும்பவும் போடவும். திகதி மே பதினைந்து என்றும் இடம் முள்ளிவாய்க்கால் என்றும் சேர்க்கவும். தம்பியின் பெயர் முதலில் இருக்கட்டும். தொழிலதிபர் என்பதை எடுக்க வேண்டாம். அந்தச் சொல்லை மலர்தான் போட்டது. என் பெயரைக் கடைசியில் போடவும், ‘மூத்த’ என்பது தேவையில்லை.

என்னிடமிருந்த மடுப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இடப்பக்கம், நீல நைலோன் சேலையோடு நிற்பவள்தான் மரியமலர். பக்கத்தில் நிற்பவளை வெட்டிவிடவும்.

டொலறஸ்